மிமிக்கு எது பிடிக்கும்?

"பரோன்" என்று சொல்லி முடித்த பிறகுதான் வெலிசாருக்கு வியர்த்தது.

உங்க நாய்க்குப் பேர் என்ன என்று நெவேனா கேட்டிருந்தாள். சாதாரணக் கேள்விதான். ஒரே சிக்கல், வெலிசாரிடம் நாய் கிடையாது. எப்போதும் இருந்ததும் கிடையாது. சின்ன வயதில் ஒருமுறை கெண்டைக்காலில் கடி வாங்கியதோடு நாய் இனத்துக்கும் அவருக்கும் இருந்த உறவு முடிந்துபோயிருந்தது.

டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கிற ரூசே நகரத்தில் பல்செட் செய்து பல் டாக்டர்களுக்குக் கொடுப்பது வெலிசாரின் தொழில். ஐம்பத்தெட்டு வயது. மனைவி பிரிந்துபோய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. நெவேனா ஓபரா அரங்கத்தில் பாடகர்களுக்கு உடை தைப்பவள், கணவனை இழந்தவள். வசந்த காலத்திலிருந்து டிராலி பஸ் நிறுத்தத்தில் தினமும் காலையில் அவளுக்கு ஒரு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். இலையுதிர் காலம் வந்தும் வணக்கம் வணக்கமாகவே நின்றிருந்தது. அன்று தூறலில் அவள் சட்டென்று செல்லப்பிராணிகள் கடைக்குள் நுழைந்தாள். வெலிசாரின் கால்களும் அவரைக் கேட்காமலே உள்ளே திரும்பின.

அவள் ஒரு பொட்டலத்தை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டு நின்றாள். அவரைப் பார்த்ததும், "இதுல எது நல்லதுன்னே தெரியலை. நீங்க உங்க நாய்க்கு எதை வாங்கறீங்க?" என்றாள்.

எனக்கு நாய் இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். அவளும் "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாள். மறுநாள் மறுபடி வணக்கம். அதை நினைத்ததும் வெலிசாரின் வாய் தானாகத் திறந்தது.

"நான் பொட்டலமே வாங்கறதில்லைங்க. எங்க வீட்ல எல்லாம் கைச்சமையல்தான்."

நெவேனாவின் புருவம் உயர்ந்தது. பல் சம்பந்தப்படாத ஒரு விஷயத்துக்காக ஒரு பெண் அவரை இப்படி மரியாதையோடு பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. நாய்க்கே சமைக்கிற ஆணை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். பெயரைக் கேட்டாள். பரோன் பிறந்தது அப்படித்தான்.

தன்னிடமும் ஒன்று இருக்கிறது, பெயர் மிமி என்றாள் அவள். சின்ன உருவம், வயதானது, மென்மையான வயிறு. மாடிப்படி இறங்காது, ஆண்களைக் கண்டால் ஆகாது. கொஞ்ச நாளாகச் சாப்பாட்டில் பிடிப்பே இல்லையாம்.

"நாளைக்கு மிமிக்கு ஒரு டப்பா கொண்டுவந்து தர்றேன்" என்றார் வெலிசார்.

"அய்யோ, உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்றாள் அவள். அதை, அந்தச் சிரமம் எப்போது கைக்கு வந்து சேரும் என்கிற குரலில் சொன்னாள்.

அவள் போனதும் வெலிசார் கடைக்காரப் பெண்ணிடம் நாய் என்ன சாப்பிடும் என்று கேட்டார். எந்த வகை நாய் என்று அவள் கேட்டாள். பொதுவாக நாய் என்றார் அவர். அவள் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு விலகிப்போனாள். வெலிசார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொட்டலங்களின் முதுகை ஒவ்வொன்றாகப் படித்தார். வான்கோழி, பார்லி, கேரட், பூசணி. விலை உயர உயரக் காய்கறி கூடியது. இறுதியில் எதையும் வாங்காமல், அவ்வளவையும் மனப்பாடம் செய்துகொண்டு வெளியே வந்தார்.

சமையல் அவருக்குப் புதிதில்லை. தனியாக இருக்கிற மனிதர், கையும் நுட்பமான வேலைக்குப் பழகியது. வான்கோழியை வேகவைத்து நாராக உதிர்த்தார். கேரட்டைக் கடைவாய்ப்பல் அளவுக்கு, ஒன்றுபோல் நறுக்கினார். பார்லியைக் குழைய விட்டார். நாய்ச் சோறுதானே என்று உப்புப் போடாமல், ருசியும் பார்க்காமல் மூடி, மறுநாள் காலை டிராலி பஸ் நிறுத்தத்தில் கொடுத்தார்.

அடுத்த நாள் டப்பா கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது.

"தட்டை நக்கிட்டுது" என்றாள் நெவேனா. அவள் கன்னம் லேசாகச் சிவந்திருந்தது. வெலிசாருக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

அதன்பிறகு தினம் ஒரு டப்பா. ஆனால் மிமி லேசுப்பட்ட நாயாக இல்லை. வான்கோழி கொஞ்சம் வறட்சியாகப் பட்டதுபோல் இருக்கிறது என்று நெவேனா தயங்கித் தயங்கிச் சொன்னாள். வெலிசார் முயலுக்கு மாறினார். முயல் என்றால் மிமிக்கு உயிர் என்று தகவல் வந்தது. ஆனால் பூசணியைக் குழைக்காமல் அடுப்பில் சுட்டால் இன்னும் இறங்குமோ என்று ஒரு சந்தேகமும் கூடவே வந்தது. சுட்டுக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் மீனாக இருந்தால் தேவலை என்றாள். வெலிசார் டான்யூப் கரைக்குப் போய்க் கெண்டை வாங்கிவந்து, பல்செட்டில் வேலை செய்கிற இடுக்கியால் முள் முள்ளாக எடுத்தார். கிழட்டு நாயின் தொண்டையில் ஒரு முள் சிக்கினால் தாங்குமா?

இதற்கிடையில் அந்த இடுக்கிக்காக ஊரில் வாய்கள் காத்திருந்தன. மகள் கல்யாணத்துக்குள் பல் வேண்டும் என்ற ஒருவர் கல்யாணப் படங்களில் உதட்டை மூடிக்கொண்டே நின்றார். பல் டாக்டர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, உங்களுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். முயல் அடுப்பில் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வெலிசார் வைத்துவிட்டார்.

இவ்வளவும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை நெவேனா டப்பாவை வாங்கிக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை ஆத்தங்கரைல நடக்கலாமா? பரோனையும் கூட்டிட்டு வாங்களேன், பார்க்கணும்னு ஆசையா இருக்கு" என்றாள்.

வெலிசார் சரி என்று சொன்னார். வேறு எதுவும் சொல்ல அவர் வாய்க்கு இப்போதெல்லாம் தெரிவதில்லை.

அவர் குடியிருப்பின் தரைத்தளத்தில் ஸ்தோய்கோ என்று ஒரு பழைய பஸ் டிரைவர் இருந்தார். அவரிடம் ஷாரோ என்ற மஞ்சள் நிற நாட்டு நாய் இருந்தது. தலை பெரியது, வயிறு அதைவிடப் பெரியது. கார் கொட்டகை வாசலில் ஸ்தோய்கோ மின்சாரச் சட்டியில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருக்க, ஷாரோ பக்கத்தில் படுத்து நேற்றைய பனித்சா என்கிற பாலாடைக்கட்டி அடையின் மிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தது. வெலிசார் விஷயத்தை முழுதாகச் சொல்லாமல் நாயை மட்டும் ஒரு மாலைக்குக் கேட்டார்.

ஸ்தோய்கோ ஒரு மிளகாயை நிதானமாக உரித்து முடித்தார். பிறகு, "யாருய்யா அவ?" என்றார்.

"எவ?"

"நாயைக் கடன் கேக்கற வயசா உனக்கு? யாருன்னு சொல்லு, சங்கிலியையும் சேர்த்துத் தரேன்."

வெலிசார் சொல்ல வேண்டியதாயிற்று. ஸ்தோய்கோ வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுச் சங்கிலியைக் கொடுத்தார். நாய்க்கு இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் சாப்பாடுதான், மற்றபடி தங்கம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் நெவேனா நீலக் கழுத்துத்துணி கட்டி வந்திருந்தாள். மிமி வரவில்லை, படிதான் இறங்காதே. அவள் குனிந்து, "பரோன், பரோன்" என்று கூப்பிட்டாள். ஷாரோ ஆற்றில் போகிற படகைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெலிசாரும் கூப்பிட்டுப் பார்த்தார். காதுகூட அசையவில்லை.

"காது கொஞ்சம் மந்தம்" என்றார் வெலிசார்.

அவர்கள் நடந்தார்கள். பேச்சும் நடந்தது. ஓபராவில் புதிதாக வந்திருக்கும் பாடகன் மாதாமாதம் பருத்துக்கொண்டே போவதையும், ஒவ்வொரு காட்சிக்கும் நடுவில் அவன் சட்டையைப் பிரித்துத் தைப்பதையும் அவள் சொன்னாள். பற்களைப் பார்த்தே மனிதர்களின் சுபாவத்தைச் சொல்லிவிடலாம் என்று அவர் சொன்னார். என் பல் என்ன சொல்கிறது என்று கேட்டு அவள் சிரித்துக் காட்டினாள். வெலிசார் பதில் சொல்ல வாயெடுத்தபோது தோள்பட்டை கழன்றுவிடும்போல் சங்கிலி இழுத்தது.

இறைச்சியை அரைத்துப் பிடிக்கிற கெபாப்சே சுடுகிற கடையின் வாசனை வந்திருந்தது. ஷாரோ அவரைப் படகு மாதிரி இழுத்துக்கொண்டு போய்க் கடை முன்னால் உட்கார்ந்தது. கடைக்காரர் முகமெல்லாம் மலர, "வாடா ஷாரோ, எங்கடா ரெண்டு நாளாக் காணோம்?" என்று சொல்லி, கொழுப்பு சொட்டுகிற இரண்டு கெபாப்சேயை வீசினார். அவை தரையைத் தொடவே இல்லை.

நெவேனா வெலிசாரைப் பார்த்தாள்.

"வேற யாரோட நாயோன்னு நினைச்சிட்டார்" என்றார் வெலிசார். "மஞ்சள் நாயெல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்."

"ஆனா ஷாரோன்னதும் இது திரும்பிப் பார்த்துச்சே. காது மந்தம்னீங்க?"

"சில எழுத்து மட்டும் கேட்கும்."

நெவேனா குனிந்து நாயின் காதைத் தடவினாள். பிறகு, பாவம், ஈரல் கொடுத்தால் காதுக்கு நல்லது என்று எங்கோ கேட்டிருக்கிறேன் என்றாள். மிமிக்கும் ஈரல் பிடிக்கும் என்று சேர்த்துக்கொண்டாள்.

இனிமேல் இப்படி ஆபத்து வரக்கூடாது என்று வெலிசார் முடிவு செய்தார். ஷாரோ பரோன் ஆக வேண்டும், கெபாப்சேயை மறக்க வேண்டும். தினமும் மாலை நாயைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து, மிமிக்குச் சமைத்ததில் ஒரு பங்கை வைத்து, "பரோன், சாப்பிடு" என்று பழக்கினார். ஷாரோ முயலைத் தின்றது. பூசணியைத் தின்றது. கேரட்டை மட்டும் ஒவ்வொரு துண்டாக வாயிலிருந்து எடுத்துக் கம்பளத்தில் வரிசையாக வைத்தது. பரோன் என்ற பெயர் அதற்கு முயல் வரப்போகிறது என்பதற்கான அறிவிப்பு என்றுதான் பட்டது. அதனால் வெலிசாரின் வீட்டு வாசலிலேயே படுத்துக்கொண்டு, யாராவது பரோன் என்று சொல்ல மாட்டார்களா என்று காத்திருக்கத் தொடங்கியது.

இரண்டு வாரத்தில் ஸ்தோய்கோவின் மனைவி கின்கா படியேறி வந்தாள். இடுப்பில் கை.

"வெலிசார் அண்ணே, எங்க நாய்க்கு என்ன மருந்து வெச்சீங்க? பத்து வருஷமா என் கை சூப்புல ரொட்டி ஊறப்போட்டுத் தின்ன நாய். இப்ப மோந்து பார்த்துட்டு என் மூஞ்சியைப் பார்க்குது. எங்க வீட்டுக்காரர்கூட இந்த முப்பது வருஷத்துல என்னை அப்படிப் பார்த்ததில்லை."

ஆரோக்கியமான சாப்பாடுதான் கொடுத்தேன் என்றார் வெலிசார். அப்படியானால் இனிமேல் நீங்களே போடுங்கள் என்று சொல்லிவிட்டு, ஷாரோவின் தட்டையும் படுக்கையையும் அவர் வாசலில் வைத்துவிட்டுப் போனாள் கின்கா. இல்லாத நாய்க்குப் பெயர் வைத்தவருக்கு இப்போது இருக்கிற நாய் ஒன்று சேர்ந்துவிட்டது. முயல் இரண்டு மடங்கு ஆனது. பல்செட்டுகள் மேஜையில் வாய் திறந்து கிடந்தன.

அந்தச் சமயத்தில்தான் மிமிக்கு மறுபடி சலிப்புத் தட்டியது. தினமும் ஒரே மாதிரி வாசனையாக இருக்கிறது போல, ஏதாவது கொஞ்சம் மாற்றினால் பரவாயில்லை என்றாள் நெவேனா. அதைச் சொல்லும்போது அவர் கோட்டில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துவிட்டாள். தையல்காரியின் பழக்கம்தான். ஆனாலும் வெலிசார் வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்று வெகுநேரம் யோசித்தார். அன்று ஈரலோடு வெங்காயத்தாளைப் பொடிப்பொடியாக அரிந்து, வெண்ணெயில் வதக்கிச் சேர்த்தார். வீடே மணத்தது. தாராளமாகவே போட்டார். ஷாரோ தன் பங்கிலிருந்து வெங்காயத்தாளைக் கேரட்டுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்தது. அதற்கு என்ன தெரியும், மிமிக்கு நாக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சாயங்காலமே டப்பாவை நெவேனாவின் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை நெவேனா பஸ் நிறுத்தத்துக்கு வரவில்லை. தொலைபேசியும் எடுக்கவில்லை. ஒத்திகை இருக்கும் என்று நினைத்தார். திரும்பி வந்தால் கின்கா படியில் நின்றாள். உங்கள் ஆரோக்கியத்தின் லட்சணத்தைக் கீழே வந்து பாருங்கள், நாய் நுழைவாயில் பூராவும் வயிற்றால் போயிருக்கிறது, டாக்டரிடம் காட்டுகிற செலவும் அலைச்சலும் உங்களுடையதுதான் என்றாள்.

கால்நடை டாக்டர் பெனெவா ஷாரோவின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஈறைத் தூக்கிப் பார்த்தார். ஆற்றங்கரைக் கடைக்காரர் இதற்குக் கெபாப்சே போடுகிறாரா என்று கேட்டார். ஊரில் பாதி நாய்களின் வயிற்றை அவர்தான் கெடுக்கிறாராம். சரி, வீட்டில் என்ன கொடுக்கிறீர்கள் என்று விசாரித்தார்.

வெலிசாருக்கு இந்தக் கேள்வி என்றால் உற்சாகம். முயல், பார்லி, சுட்ட பூசணி, முள் எடுத்த கெண்டை, ஈரல் என்று அடுக்கிக்கொண்டே போனார். டாக்டர் தலையசைத்துக்கொண்டே கேட்டார். எங்கள் வீட்டில்கூட இப்படிச் சாப்பிடுவதில்லை என்றார்.

"நேத்து ருசிக்குக் கொஞ்சம் வெங்காயத்தாள் வதக்கிப் போட்டேன்" என்று முடித்தார் வெலிசார்.

டாக்டர் காதிலிருந்த கருவியைக் கழற்றினார்.

"வெங்காயமா? நாய்க்கா?"

"தாள்தாங்க. வெங்காயம் இல்லை."

"தாளோ கிழங்கோ, ரெண்டும் நாய்க்கு விஷம். ரத்தத்தையே கெடுத்திடும். இவன் எவ்வளவு தின்னான்?"

ஷாரோ ஒரு துண்டுகூடத் தின்னவில்லை, கம்பளத்தில் அடுக்கிவிட்டது என்று வெலிசார் சொன்னார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. புத்திசாலி நாய் என்று டாக்டர் அதன் தலையைத் தட்டினார். அப்போதுதான் எதிரில் இருக்கிற மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கவனித்தார்.

இன்னொரு நாய் இருக்கிறது என்றார் வெலிசார். சின்னது. வயதானது. வயிறு மென்மையானது.

"அது தின்னிருக்குமா?"

"அது எப்பவும் தட்டை நக்கிடும் டாக்டர்."

பெனெவா உடனே பையை எடுத்தார்.

டாக்டரின் காரிலேயே கிளம்பினார்கள். காலையில் அவள் ஏன் வரவில்லை என்பது இப்போது புரிந்தது. ஒரு கிழட்டு உயிர், அதற்கு இருந்ததெல்லாம் ஒரு சின்னத் தட்டும் நெவேனாவும்தான். நெவேனாவுக்கும் அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? அவளிடம் கெட்டிக்காரன்போல் காட்டிக்கொள்வதற்காக, கண்ணால்கூடப் பார்க்காத ஒரு பிராணியைக் கொன்றுவிட்டோமே என்று நினைத்தார். டாக்டரின் கார் பின்சீட்டில் ஷாரோ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஆனந்தமாகக் காற்று வாங்கிக்கொண்டு வந்தது.

நெவேனாவின் வீடு மூன்றாவது மாடியில். வெலிசார் படிகளைத் தாவி ஏறினார். பின்னால் டாக்டரும் பையும், அதற்குப் பின்னால் ஷாரோவும். அழைப்புமணியை அழுத்தினார்.

கதவைத் திறந்தது கல்லூரிப் பெண் ஒருத்தி. நெவேனாவின் அண்ணன் மகள் தெனித்சா என்று பெயர், அவ்வப்போது அத்தை வீட்டுக்கு வருவாள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். கையில் தேநீர்க் கோப்பை வைத்திருந்தாள்.

"அத்தை படுத்திருக்காங்க" என்றாள் அவள் மெதுவாக.

வெலிசாருக்கு அது போதுமானதாக இருந்தது. தொப்பியைக் கழற்றினார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பரோன் என்று ஒரு நாயே கிடையாது என்றார். இதோ நிற்பது கீழ்வீட்டு ஸ்தோய்கோவின் நாய், பெயர் ஷாரோ, இதற்குக் காது பிரமாதமாகக் கேட்கும். நாய்களைப் பற்றித் தனக்கு ஒரு எழவும் தெரியாது, அன்று கடைக்குள் வந்ததே உங்கள் அத்தை உள்ளே போனதால்தான். மிமி உயிரோடு இருந்தால் டாக்டரைக் கொஞ்சம் பார்க்க விடுங்கள், பார்த்ததும் போய்விடுகிறேன், இனிமேல் பஸ்கூட வேறு நிறுத்தத்தில் ஏறிக்கொள்கிறேன்.

"நான் வெச்ச வெங்காயத்தாள்தாம்மா அதுக்கு விஷமாப் போச்சு" என்று சொல்லும்போது குரல் உடைந்தது. "எனக்கு நாயே இல்லைங்கறதை மட்டும் அன்னிக்கே சொல்லியிருந்தா, அது பாட்டுக்கு இருந்திருக்கும்."

தெனித்சா அவரைப் பார்த்தாள். டாக்டரின் பையைப் பார்த்தாள். வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே எட்டிப்பார்க்கிற ஷாரோவைப் பார்த்தாள். உள்ளே யாரோ ஜலதோஷத்தோடு தும்முகிற சத்தம் கேட்டது. அவள் கதவை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டு, உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அத்தை, இவருக்கும் நாய் இல்லையாம். இனிமே டப்பாவுல உப்புப் போட்டே அனுப்பச் சொல்லிடவா?"